பச்சைக் கதவில் சிவப்புக் குறி

அந்தப் பச்சைக் கதவில் சிவப்புக் குறி போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் குடியிருப்பில் அப்படி நினைத்தவர்கள் நிறையப் பேர். நினைக்கட்டும் என்று மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

என் பெயர் இஞ்ஞாசி. அடைக்கல மாதா கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை நடுவில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது எல்லாம் என் வேலை. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்பார்கள். கொஞ்சம் இல்லை, நிறைய. எங்கள் சாமியார் பிரெஞ்சுக்காரர். இருபது வருஷம் தமிழ் பேசியும் அவர் வாயில் 'ழ' ஏறவில்லை. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மட்டும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும்.

கோயிலிலிருந்து ரோட்டைத் தாண்டினால் எங்கள் சந்து. ஒரே வரிசையில் பதினான்கு பலகை வீடுகள், பின்னால் கால்வாய். முதல் ஆறும் எங்களைப் போன்ற வேதக்காரர்கள் வீடு. அதில் முதலாவது என்னுடையது. ஏழாவது ருக்கையாவின் வீடு. எட்டாவது பால்காரக் கோவிந்தசாமியின் வீடு. ருக்கையாவின் புருஷன் ஒலி முகம்மது கப்பலில் கலாசி. ரங்கூன், கல்கத்தா என்று கிளம்பினால் திரும்பி வர ஐந்து மாதமோ ஆறு மாதமோ ஆகும். கடிதம் கிடையாது, அவருக்கு எழுதத் தெரியாது. அந்த வீட்டின் கதவு அவர் கையால் செய்தது. உடைந்த கப்பலின் பலகையை இழைத்து, கப்பலுக்கு அடிக்கிற பச்சை பெயின்டையே அதற்கும் அடித்திருந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இறங்கி மூட்டையோடு நடந்து வந்தால், சந்து முனையிலேயே அந்தப் பச்சை கண்ணில் படும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம், நோன்பிருக்கும் தபசுகாலத்தில் சர்க்கார் ஆட்கள் அளவுச் சங்கிலியோடு வந்தார்கள். கால்வாய் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லுவோம். முந்தின வருஷம் மழையில் கால்வாய் பொங்கி ரோட்டில் படகு விட்டது உண்மைதான். அதனால் கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம், வீடுகளை எடுக்கப் போகிறார்களாம். எந்த வீடு, எத்தனை வீடு? அதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். மறுநாள் வந்து அதே இடத்தை மறுபடி அளந்தார்கள். பெண்கள் சமைப்பதை விட்டுவிட்டு வாசலில் நின்று அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது கல்லில் இழுபடும் சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும்.

ருக்கையா ஒரு நாள் என்னிடம் வந்தாள். இடுப்பில் மகள் பரீதா.

"அண்ணே, வீட்டை எடுத்துட்டா வேற வீடு பாத்துக்கலாம். ஆனா மச்சான் வந்தா எங்கண்ணே வருவாங்க? இந்தச் சந்து, இந்தக் கதவு, இதத் தவிர அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போ," என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

சாமியாரிடம் நாங்கள் ஆறு குடும்பமும் போய் நின்றோம். அவர் உடனே மேசையில் உட்கார்ந்து கால்வாய் ஆபீஸ் துரைக்கு ஒரு கடுதாசி எழுதினார். அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய வியாழக்கிழமை பிரசங்கத்தில் அவர் பாஸ்கா கதை சொன்னார். எகிப்து தேசத்தில் சங்காரச் சம்மனசு, அழிக்க வந்த தேவதூதன், ராத்திரியில் வீடு வீடாகப் போகிறது. எந்த வீட்டு நிலையில் இரத்தக் குறி இருக்கிறதோ அந்த வீட்டை அது தொடவில்லை, கடந்து போய்விட்டது. அவர் சொல்லச் சொல்ல, எங்கள் ஆறு வீட்டுப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாஸ்குத் திருநாள் முடிந்ததும் சாமியார் ஜோகூர் பக்கம் தோட்டத்து சனங்களைப் பார்க்கப் புறப்பட்டார். வர இரண்டு வாரம் ஆகும் என்றார். கோயில் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் என் பெண்சாதி கத்திக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்தாள். போய்ப் பார்த்தால் ஒரு சீனன், கையில் பெயின்ட் டப்பா, எங்கள் வீட்டுக் கதவில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். இரத்தச் சிவப்பில், கை அகலத்தில், ஒரு சிலுவை. என்ன இது என்று கேட்டேன். என் பேச்சு அவனுக்குப் புரியவில்லை, அவன் பேச்சு எனக்குப் புரியவில்லை. ஆறாவது வீட்டில் போட்டான். டப்பாவை மூடினான். ஏழாவது வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

நீங்களே சொல்லுங்கள். சாமியார் கடுதாசி எழுதுகிறார். பத்து நாளில் வேதக்காரர் வீடு ஆறிலும் சிலுவை விழுகிறது. மற்ற எட்டு வீட்டிலும் ஒன்றுமில்லை. அதுவும் இரத்த நிறத்தில்! நான் அப்படியே முழங்காலில் விழுந்தேன். என் பெண்சாதி அந்தக் குறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, விரலெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டாள். ஆறு வீட்டிலும் அன்றைக்குப் பாயசம்.

அத்தோடு விட்டேனா? விடவில்லை. சந்து முழுக்க நடந்தேன். "துரைக்கு எங்க சாமி எழுதுனாரு. பாத்தியா? குறி போட்ட வீட்டத் தொட மாட்டான்!" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், பீடி கேட்டால் இல்லை என்றவர்கள் எல்லாரும் அன்று என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். எனக்கு அது ருசியாக இருந்தது. மறைப்பானேன்?

சாயங்காலம் கோவிந்தசாமி ஒரு செம்புப் பாலோடு வந்தார்.

"இஞ்ஞாசி, நமக்கும் ஒரு குறி கிடைக்குமாப்பா?"

"ஏன், உங்க சாமி எழுத மாட்டாரா?"

"கிண்டல் பண்ணாதேப்பா. மாட்டையும் புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்? வேதத்துல சேரணும்னா சொல்லு, யோசிக்கிறேன்."

"மொதல்ல பால்ல தண்ணி கலக்குறத நிறுத்துங்க, அப்புறம் வேதம்," என்றேன். அவர் சிரித்தார். ஆனால் செம்பை என் வாசலில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது.

கோயில் ஜன்னலுக்கு அடித்தது போக அரை டப்பா சிவப்பு பெயின்ட் என்னிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு நடந்தேன். கோவிந்தசாமி கதவில் போட்டேன். அதே அளவு, அதே அகலம். தள்ளி நின்று பார்த்தேன். சர்க்கார் குறிக்கும் என் குறிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தி, போங்கள்.

ருக்கையா கதவைப் பாதி திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா, உனக்கும் போடுறேன்," என்றேன்.

"சிலுவையை எப்படிண்ணே எங்க கதவுல? மச்சான் பாத்தா என்ன நெனப்பாங்க? ஊரு என்ன பேசும்?"

"வீடு இருந்தாத்தானே மச்சான் பாப்பாரு? இது உனக்கில்ல தாயி, கால்வாய் ஆபீஸ்காரனுக்கு. அவர் வந்ததும் பச்சை பெயின்ட வாங்கி மேல பூசிட்டாப் போச்சு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். நிலைக்கு மேலே, பச்சைத் துணியில் மடித்து ஓதி வைத்த தாயத்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"அல்லா எம்மனச அறிவான். போடுங்கண்ணே," என்றாள்.

போட்டேன். பெயின்ட் கொஞ்சம் அதிகமாகி ஒரு கோடு கீழே வழிந்தது. அதைத் துடைக்கப் போனேன், அவள் பரவாயில்லை என்றாள்.

ஒரு வாரம் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம். குறி இல்லாத ஆறு வீட்டுக்காரர்கள்தான் சாமான்களை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, தூங்காமல் கிடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார்கள். இருபது கூலியாட்கள், நாலு மாட்டு வண்டி, கயிறு, கடப்பாரை. ஓவர்சியர் பாலகிருஷ்ணன் நம்ம ஆள்தான், தஞ்சாவூர்ப் பக்கம். வந்தவர் நேராக என் வீட்டு வாசலில் நின்றார்.

"சாமானெல்லாம் வெளிய எடுங்க. ஒரு மணி நேரம் தர்றேன்."

"ஐயா, இது குறி போட்ட வீடு," என்றேன்.

"குறி போட்டதாலதான்யா வந்திருக்கோம்."

எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. என் பெண்சாதிதான் முதலில் புரிந்துகொண்டாள். உள்ளே ஓடிப் பானை சட்டிகளை வெளியே எடுக்கத் தொடங்கினாள். கூலியாட்கள் கூரையில் ஏறினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஏழாவது வீட்டு வாசலில் ருக்கையா பரீதாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கவலையோடு தலையை ஆட்டினாள். ஐயோ பாவம், உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்கிற மாதிரி.

வீடு வீடாக இறக்கிக்கொண்டே வந்தார்கள். பலகை வீடு இறங்க எவ்வளவு நேரம்? மத்தியானத்துக்குள் ஆறும் தரைமட்டம். எனக்கு நேரம் இருந்தது. எவ்வளவோ நேரம் இருந்தது. ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக்கொண்டு போனேன், நாலு பேர் பார்க்கிறார்களே என்று திரும்பி வந்துவிட்டேன். சர்க்கார் குறியில் கை வைத்தவனுக்கு ஜெயில் என்று கூலியாட்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

ஏழாவது வீட்டின் முன்னால் பாலகிருஷ்ணன் நின்றார். காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"என்னப்பா இது? காகிதத்துல ஆறு வீடுதான இருக்கு? குறி எட்டுல இருக்கே?"

அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாராவது இதுல கை வச்சீங்களா? இருந்தா இப்பவே சொல்லுங்க. விட்டுட்டுப் போயிடுவேன்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் கேட்க முடியாது. விட்டுட்டுப் போயிடுவேன் என்று அவரே சொன்னார். நான் அவருக்கு ஆறடி தூரத்தில் நின்றேன். கோவிந்தசாமி என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் ஜெயில் பயமாக இருந்திருக்கும். எங்கள் பேச்சு சர்க்கார் காதில் ஏறும் என்ற நம்பிக்கையும் அவருக்குக் கிடையாது. ருக்கையா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்களுக்குக் குறி இருக்குங்கய்யா, பாருங்க, இருக்கு," என்று கதவைக் காட்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிடுவார்கள் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"தொரை அப்புறமா சேத்திருப்பாரு," என்று சொல்லிவிட்டுப் பாலகிருஷ்ணன் காகிதத்தை மடித்தார். "ஏறுங்கடா."

அவள் கத்தியதை நான் எழுதப் போவதில்லை. மழை பிடித்துக்கொண்டது. நான் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அவர்கள் கழற்றிப் போட்ட அந்தப் பச்சைக் கதவை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடக் கொட்டகை இருக்கிறது. அதைத் திறந்து, கதவை வெளிச்சுவரில், எங்கள் சந்துப் பக்கம் பார்க்க நிறுத்தினேன். ஒலி முகம்மது வந்தால் இந்தப் பச்சையாவது அவர் கண்ணில் படட்டும் என்று நினைத்தேன்.

எட்டுக் குடும்பமும் அன்றைக்குக் கொட்டகைக்குள் வந்தது. உபதேசியார் சந்தியாகு குடையோடு வந்து நின்றார்.

"நம்ம ஆறு குடும்பம் சரி. மத்தவங்க எதுக்கு இங்க? சாமியும் ஊர்ல இல்ல."

"இது என்ன கோயிலு?" என்றேன்.

"அடைக்கல மாதா கோயிலு."

"அப்போ வாயப் பொத்திக்கிட்டுப் போங்க!"

அப்படிக் கத்தினேன். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு எட்டுத் தடுப்புச் செய்தேன். கோவிந்தசாமிக்கு மரக்கறிச் சமையலுக்குத் தனி அடுப்பு. ருக்கையா தொழுவதற்கு ஒரு மூலையைப் பெருக்கிக் கொடுத்து, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று பிள்ளைகளை மிரட்டி வைத்தேன். எல்லாரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? இஞ்ஞாசிக்கு வாய்தான் காரம், மனசு தங்கம் என்றார்கள். ருக்கையா ஒரு நாள் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க எங்களக் காப்பாத்தப் பாத்தீங்க அண்ணே. அந்தப் பாவிங்க உங்க குறியக்கூட மதிக்கல," என்றாள். அந்தக் கஞ்சியைக் குடித்தேன். நெருப்பைக் குடித்த மாதிரி இருந்தது.

சாமியார் திரும்பி வந்தார். கொட்டகையைப் பார்த்தார், தன் கட்டிலையும் போர்வையையும் எடுத்து வந்து பிள்ளை பெற்றிருந்த ஒருத்திக்குக் கொடுத்தார். கோயில் வாசலில் அரிசி மூட்டை இறங்கியது. புக்கிட் மேரா பக்கம் மேட்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்குக் கேட்டு, தினமும் வெயிலில் நடந்தார். "எத்தனை வீடு கட்டணும் சாமி?" என்று உபதேசியார் கேட்டபோது, "எட்டு," என்றார். 

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வெளியே வைத்துச் சொல்லியிருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னால் குருவானவர் உயிர் போனாலும் வெளியே விட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அங்கே சொன்னேன். பாருங்கள் என் புத்தியை.

அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் முகம் கம்பித் தட்டியை ஒட்டி வந்தது.

"குறி போட்டது அறியாமை. பேசாமல் இருந்தது பாவம். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல். அதுதான் உனக்கு அபராதம்."

"சொல்றேன் சாமி."

சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சொன்னாயா?" என்று கேட்பார். "இல்ல சாமி," என்பேன். மேட்டு நிலத்தில் எட்டு வீடும் எழும்பி, ஏழு குடும்பம் குடி போய்விட்டது. என் பெண்சாதியும் அங்கே குடி போய்விட்டாள். நான் மணி அடிக்க வேண்டுமென்று கோயிலிலேயே படுத்துக்கொண்டேன். ருக்கையா மட்டும் அசையவில்லை.

"மச்சான் இங்கதான வருவாங்க. வந்தப்புறம் போறோம்," என்றாள்.

பரீதா தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் விளையாடுவாள். வழிந்த கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ருக்கையா எழுந்து வெளியே வருவாள்.  அவர் வர வேண்டும் என்று ஜெபமாலை சொல்லுவேன், சொல்லி முடித்ததும் இன்றைக்கு வந்துவிடக்கூடாதே என்று நினைப்பேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஆடி மாதம், பன்னிரண்டு மணி அடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். தோளில் மூட்டையோடு ஒருத்தர் சந்து முனையில் நிற்பது தெரிந்தது. வீடுகள் இருந்த இடத்தில் வெட்டிய கால்வாய், செம்மண் தண்ணீர். அவர் நகரவே இல்லை. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பினார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை தெரிந்துவிட்டது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

ருக்கையா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும், பரீதா அவரை அடையாளம் தெரியாமல் ஒளிந்துகொண்டதும் நடந்து முடிந்தது. நான் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். ஒலி முகம்மது வாங்கவில்லை. அவர் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது யாரு போட்டது?"

"இந்த அண்ணன்தான் மச்சான்," என்றாள் ருக்கையா. "கோவிச்சுக்காதீங்க. வேற நெனப்புல இல்ல, வீட்ட விட்டுருவாங்கன்னுதான் போட்டாங்க. நாந்தான் சரின்னேன்."

அவர் அந்தச் சிவப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ருக்கையா, கப்பல்ல கெட்டுப்போன சரக்குல இந்தக் குறிதான் போடுவாங்க. ஒடச்சுப் போடுறதுக்கு." அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. "உங்களுக்கு அது தெரியாதாண்ணே?"

"போட்டப்போ தெரியாது," என்றேன்.

அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவரும் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டினார். ருக்கையாதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எப்பண்ணே தெரிஞ்சுது?" என்றாள்.

சாமியார் அறை ஜன்னல் திறந்திருந்தது. அவர் அங்கே இருந்தாரா, கேட்டாரா, தெரியாது.

"அந்த ஓவர்சியர் காகிதத்துல ஆறுதான் இருக்குன்னு கேட்டாரே தாயி. அப்போ தெரியும்," என்றேன். "கேட்டுக்கிட்டு நின்னேன்."

 அவள் நாலு சத்தம் போட்டிருந்தால், காறித் துப்பியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் கையிலிருந்த செம்பை வாங்கி, அதிலிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினாள். ஒலி முகம்மது கதவைத் தலையில் தூக்கிக்கொண்டார். புக்கிட் மேராவில் எட்டாவது வீடு காலியாக இருக்கிறது, சாமி உங்களுக்காகத்தான் கட்டினார் என்று பின்னாலேயே ஓடிச் சொன்னேன். மூவரும் திரும்பிப் பார்க்காமல் வேறு பக்கமாக நடந்தார்கள்.